தூது போனவளுக்கு ஒரு துறை

புறநானூற்றின் 279ஆம் பாடலைப் பதினாறு ஆண்டுகளாக வகுப்பில் நடத்திவருகிறேன். ஒக்கூர் மாசாத்தியார் பாடியது. முன்னொரு நாள் நடந்த போரில் தமையனை இழந்தவள், நேற்றைய போரில் கணவனை இழந்தவள், இன்று பறை கேட்டதும் தன் ஒரே மகனுக்கு வெள்ளை உடுத்தி, தலையில் எண்ணெய் தடவி, கையில் வேலைக் கொடுத்துக் களத்துக்கு அனுப்புகிறாள். திணை வாகை, துறை மூதின்முல்லை. 'மறக்குடி மகளிரின் மாண்பினை விளக்குக' என்று இதை வைத்து நானே பலமுறை பத்து மதிப்பெண் வினா எடுத்திருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இந்தப் பாடலை நடத்தி முடித்த நேரத்தில் பின்வரிசையில் இருந்து ஒரு மாணவி எழுந்தாள். "அம்மா, சண்டை வேணுமா வேணாமான்னு அந்தம்மாவ யாராச்சும் கேட்டாங்களா?" வகுப்பு சிரித்தது. அது வீரயுகம், அந்தக் காலச் சமூக அமைப்பு வேறு என்று பாடநூல் விடையைச் சொல்லி உட்காரவைத்தேன். அவள் உட்கார்ந்தாள். சமாதானம் ஆகவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் காலாப்பட்டைத் தாண்டி வடக்கே போனால் கீழ்ப்புத்துப்பட்டு வரும். அங்குள்ள இலங்கைத் தமிழர் முகாமில் பிறந்து வளர்ந்தவள் அவள். அவளுடைய அம்மா 1990இல் சிறுமியாகத் தலைமன்னாரிலிருந்து படகேறி வந்தவர். போர் வேண்டுமா, பேச்சு வேண்டுமா, எந்த விலைக்குச் சமாதானம், யார் எங்கே திரும்பிப் போவது என்ற எதையும் அவர்களிடம் எவரும் கேட்டதில்லை. அவள் ஒக்கூர் மாசாத்தியாரிடம் கேட்கவில்லை, என்னிடம்தான் கேட்டாள் என்பது எனக்குப் புரிய நாளாயிற்று. இந்தக் கட்டுரை அவளுக்குத் தாமதமாகச் சொல்லும் பதில்.

முதலில் என் சொந்த வீட்டைக் கூட்டிவிட்டுத் தொடங்குகிறேன். தமிழ்ப் புறஇலக்கியம் போரில் பெண்ணுக்கு என்னென்ன இடம் தருகிறது? மகனை அனுப்புபவள் இருக்கிறாள். வென்றவனைக் கண்டு மகிழ்பவள், புண்பட்டவனைப் பேயிடமிருந்து காப்பவள், கணவன் மாய்ந்தபின் கைம்மை நோன்பு நோற்பவள், அவனோடு தீப்பாய்பவள் இருக்கிறார்கள். ஒவ்வொருத்திக்கும் ஒரு துறைப்பெயர் உண்டு. போருக்கு முன்னும் போருக்குப் பின்னும் பெண்ணுக்கு வேலை இருக்கிறது. போரா சமாதானமா என்று முடிவெடுக்கும் நேரத்தில் மட்டும் அவளைக் காணோம்.

அகஇலக்கணமும் இதையே வேறொரு பக்கத்திலிருந்து சொல்கிறது. தொல்காப்பியம் தலைவன் பிரிவதற்குச் சொல்லும் காரணங்களில் ஓதலும் பகையும் தூதும் உண்டு. இரண்டு மன்னர்களுக்கு நடுவே சொல் கொண்டுபோவது வீட்டை விட்டுக் கிளம்பும் ஆணின் கடமை. அவன் வரும்வரை நாள் எண்ணி இருப்பது பெண்ணின் ஒழுக்கம். வள்ளுவர் தூதுக்குத் தனி அதிகாரமே வைத்தார். தூதுக்கு வேண்டிய அறிவு, உரு, கல்வி, சொல்வன்மை எல்லாம் அதில் உண்டு. உரைப்பவன் மட்டும் எங்கும் 'உரைப்பான்'. விகுதியே வாசலைச் சாத்திவிடுகிறது.

காவியத்துக்கு வந்தால் நிலைமை இன்னும் மோசம். புதுச்சேரியைச் சுற்றியுள்ள ஊர்களில் திரௌபதி அம்மன் கோயில் திருவிழாக்களில் பாரதக் கூத்து நடக்கும். சிறுவயதில் பாட்டியோடு பாயும் போர்வையும் எடுத்துக்கொண்டு போய் விடிய விடியப் பார்த்திருக்கிறேன். கிருஷ்ணன் தூது ஆடும் இரவில் சமாதானம் பேசக் கிளம்பும் கிருஷ்ணன் முன்னால் விரித்த கூந்தலோடு பாஞ்சாலி வந்து நிற்பாள். நீ சமாதானம் செய்துவிட்டால் என் கூந்தலை நான் எப்போது முடிப்பது? அவளுக்கு நேர்ந்த அநீதி உண்மை, அவள் கேள்வி நியாயம். ஆனால் கதை அந்த நியாயத்தைச் சமாதானத்துக்குக் குறுக்கே நிறுத்துகிறது. பெண்ணின் மானத்தைப் போருக்குக் காரணமாக்கிவிட்டு, பேச்சுவார்த்தைக்கு ஆணை அனுப்புகிறது. பாரதி இதே ஊரில் இருந்தபோதுதான் பாஞ்சாலி சபதத்தை எழுதினார். முதற்பாகம் 1912இல் வந்தது. அந்தச் சபதத்தை நானும் மேடையில் குரல் உயர்த்திச் சொல்லிக் கைதட்டு வாங்கியவள்தான். அவளுக்கு நியாயமும் கிடைத்து, அதற்காக எவனும் சாகவும் வேண்டாம் என்ற மூன்றாவது வழியை அவளே மேசையில் வைக்கும்படி ஒரு காட்சி ஏன் எழுதப்படவில்லை என்று எனக்கு அப்போது தோன்றியதில்லை.

அப்படியானால் தமிழில் தூது போன பெண்ணே இல்லையா? இருக்கிறாள். தமிழின் மிகப் பழைய தூதுவர்களில் ஒருத்தியே பெண்தான். புறநானூற்றின் 95ஆம் பாடல். அதியமான் நெடுமான் அஞ்சிக்காக ஔவையார் தொண்டைமானிடம் தூது போகிறார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டுகிறான். இன்றைய மொழியில் சொன்னால், பேச்சுவார்த்தைக்கு வந்தவரை ஏவுகணை அணிவகுப்புக்கு அழைத்துப்போகிறான். ஔவை பார்க்கிறார். உன் கருவிகள் பீலி அணிந்து மாலை சூட்டி நெய் பூசிக் காவல் மிக்க மனையில் பத்திரமாக இருக்கின்றன. என் தலைவனின் கருவிகளோ நுனி முறிந்து கொல்லனின் சிறிய பட்டறையில் கிடக்கின்றன. இருந்தால் சோறு கொடுப்பவன், இல்லாவிட்டால் இருப்பதைக் கூடியிருந்து உண்பவன், வறியோரின் சுற்றத்துக்குத் தலைவன் அவன். பாடல் அவ்வளவுதான். புகழ்வது போல் இகழ்தலும் இகழ்வது போல் புகழ்தலும் என்று அணிநயம் சொல்லி அடுத்த பாட்டுக்குப் போய்விடுவோம்.

இந்தப் பாடலின் துறை என்ன? வாண்மங்கலம். வாளைப் போற்றிப் பாடுவது. பெண் தூது போனாள் என்ற செய்தி பாடலுக்குள் இல்லை, பாடலின் கீழே உரைநடைக் குறிப்பில் இருக்கிறது. துறை வகுத்தவர் கண்ணுக்கு வாள் தெரிந்தது, தூது தெரியவில்லை. இதை 45ஆம் பாடலோடு வைத்துப் பாருங்கள். நலங்கிள்ளியும் நெடுங்கிள்ளியும் மோதிக்கொண்டபோது கோவூர்கிழார் இடையில் நின்று, இருவருமே சோழர்கள், யார் தோற்றாலும் தோற்பது உங்கள் குடிதான் என்று சொன்ன பாடல். அதன் துறை துணைவஞ்சி. சந்து செய்வித்தலுக்கென்றே இருக்கும் துறை அது. மலையமான் மக்களை யானைக்காலில் இடப்போன கிள்ளிவளவனைத் தடுத்த கோவூர்கிழாரின் 46ஆம் பாட்டுக்கும் அதே துறை. ஆண் புலவன் போரைத் தடுத்தால் அது ஓர் அரசியல் செயல், அதற்கு இலக்கணத்தில் பெயர் உண்டு. பெண் புலவர் அதே வேலைக்குப் போனால் அது வாள்மங்கலம்.

ஒரு மறுப்பு எழலாம், எழ வேண்டும். பாடலில் வாளும் வேலும்தானே பேசப்படுகின்றன, துறை எப்படித் தவறாகும்? பாதி சரி. ஆனால் அந்தப் பாடல் வாளில் முடியவில்லை, சோற்றில் முடிகிறது. ஆயுதக் கொட்டிலுக்கு நடுவில் நின்று கூடியிருந்து உண்பதைப் பற்றி ஏன் பேச வேண்டும்? எதிரில் நிற்பவன் இதுவரை போட்டுவந்த கணக்கை மாற்றத்தான். உன்னிடம் எத்தனை வேல் என்பதைவிட உன் பின்னால் எத்தனை பேர் மனமொப்பி நிற்பார்கள் என்று எண்ணிப் பார் என்கிறார் ஔவை. இது பேச்சுவார்த்தை மேசையில் வைக்கப்படும் வாதம். வாண்மங்கலம் என்ற துறைக்குள் அந்தக் கடைசி வரிகள் அடங்குவதில்லை.

இன்னொன்று. அதே ஔவைதான் அதியமான் மாண்டபிறகு கையறுநிலைப் பாடல்கள் பாடினார். புறநானூற்றில் 231, 232, 235. இவை நம் நெஞ்சில் நிற்கின்றன, நிற்க வேண்டியவைதான். ஆனால் தூதுவராக நின்ற பாடலை அணிநயத்துக்கும், அழுத பாடல்களை மனத்துக்கும் வைத்துக்கொண்டோம். சென்னைக் கடற்கரையில் 1968இல் நிறுத்திய சிலையில் ஔவை கூன் விழுந்த கிழவியாகக் கோலூன்றி நிற்கிறார். 89ஆம் பாடலிலோ, 'உங்கள் நாட்டில் பொருநர் உண்டா' என்று ஒரு வேந்தன் கேட்பது அணி பூண்ட, மை தீட்டிய கண்ணுடைய விறலியிடம். அரசியல் பேசிய இளையவளை அறம் சொல்லும் பாட்டியாக்கியது நாம்தான். எங்கள் ஊரில் தேவதூதர்களின் அன்னை கோயிலுக்கு எதிரே கவசம் பூண்ட ஜோன் ஆஃப் ஆர்க்கின் சிலை இருக்கிறது. ஆயுதம் ஏந்தியவளுக்குச் சிலை, அழுதவளுக்குக் காவியம். பேசப்போனவளுக்கு ஓர் அடிக்குறிப்பு.

இந்த வகைப்படுத்தும் பழக்கம் ஏட்டோடு நின்றிருந்தால் இவ்வளவு எழுதியிருக்க மாட்டேன். நம் காலத்தில், நம் மொழி பேசப்பட்ட ஒரு பேச்சுவார்த்தையிலும் அது அப்படியே நடந்தது.

இலங்கையில் 2002 பிப்ரவரி 22 அன்று அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர்நிறுத்த உடன்பாடு கையெழுத்தானது. நோர்வே நடுவில் நின்றது. அந்த ஆண்டு செப்டம்பரில் தாய்லாந்தின் சத்தஹிப்பில் தொடங்கி 2003 மார்ச்சில் ஜப்பானின் ஹகோனே வரை ஆறு சுற்றுப் பேச்சு நடந்தது. அந்த நாட்களின் புகைப்படங்களை இணையத்தில் தேடிப் பாருங்கள். ஜி.எல். பீரிஸ், மிலிந்த மொரகொட, ரவூப் ஹக்கீம் ஒரு பக்கம். அன்ரன் பாலசிங்கம், தமிழ்ச்செல்வன், கருணா மறுபக்கம். பேச்சாளர்கள் ஆண்கள். அடேல் பாலசிங்கம் அறைக்குள் இருந்தார், செயலாளராக. ஒரு பக்கம் ஆயிரக்கணக்கான பெண்களைக் களத்தில் நிறுத்தியிருந்த இயக்கம். மறுபக்கம் உலகின் முதல் பெண் பிரதமரைத் தேர்ந்தெடுத்த நாடு. அப்போது ஜனாதிபதியும் ஒரு பெண்ணே. துப்பாக்கி தூக்கவும் நாடாளவும் பெண்ணுக்குத் தகுதி இருந்தது. மேசையில் அமர்ந்து விலை பேச மட்டும் இல்லாமல் போயிற்று.

2002 டிசம்பரில் ஒஸ்லோவில் கூடிய மூன்றாம் சுற்றில் பெண்கள் தொடர்பான விவகாரங்களுக்கு ஓர் உபகுழு அமைப்பதென்று முடிவானது. இரண்டு தரப்பிலும் ஐந்து ஐந்து பெண்கள். அரசுத் தரப்பில் வரலாற்றறிஞர் குமாரி ஜயவர்தன, சட்ட அறிஞர் தீபிகா உடகம, பெண்ணியச் செயற்பாட்டாளர் குமுதினி சாமுவேல் ஆகியோர் இருந்தார்கள். புலிகள் தரப்புக்குத் தலைமை மகளிர் அரசியல்துறைப் பொறுப்பாளர் தமிழினி. வசதிப்படுத்தியவர் நோர்வேயின் அஸ்த்ரித் ஹைபெர்க். 2003 மார்ச் 5, 6 தேதிகளில் கிளிநொச்சியில் கூடினார்கள். மீள்குடியேற்றம், பெண்களின் தனிப்பட்ட பாதுகாப்பு, வாழ்வாதாரம், அடிப்படை வசதிகள், அரசியல் பிரதிநிதித்துவம், நல்லிணக்கம் என்று தாங்கள் எடுத்துக்கொள்ளப்போகும் பொருள்களை வரிசைப்படுத்தினார்கள். ஏப்ரல் 21 அன்று புலிகள் பேச்சிலிருந்து விலகி நிற்பதாக அறிவித்தார்கள். பெரிய மேசை கவிழ்ந்ததும் சிறிய மேசையும் சேர்ந்து கவிழ்ந்தது.

அந்தப் பட்டியலைத் திரும்பப் படித்தால் ஒன்று விளங்கும். அதில் பெண்களுக்கு மட்டும் உரியது என்று எதுவும் இல்லை. எங்கே குடியேறுவது, எப்படிப் பிழைப்பது, யார் முடிவெடுப்பது, மறுபடி எப்படிச் சேர்ந்து வாழ்வது என்பவை சமாதானத்தின் முழுப் பொருளும் ஆகும். அவற்றைப் 'பெண்கள் விவகாரம்' என்று பெயரிட்டு உபகுழுவுக்கு ஒதுக்கியபோது நடந்ததும் துறை வகுத்தல்தான். எல்லைக் கோடும் அதிகாரப் பங்கும் துணைவஞ்சி, சோறும் வீடும் வாண்மங்கலம்.

உபகுழு என்ற வடிவமே பயனற்றது என்று சொல்ல வரவில்லை. கொலம்பியாவில் அரசும் ஃபார்க் கெரில்லாக்களும் ஹவானாவில் பேசியபோது, 2014 செப்டம்பரில் இதேபோன்ற ஒன்று அமைந்தது. 2016இன் இறுதி உடன்பாட்டில் நில உரிமை முதல் போர்க்கால வன்முறை வரை பெண்கள் எழுதிச் சேர்த்தவை இடம்பெற்றன. அங்கே பேச்சு நீடித்தது, குழுவுக்கு வரைவைத் தொட்டுத் திருத்தும் வாய்ப்பு இருந்தது. இலங்கைக் குழுவுக்கு ஆலோசனை சொல்லும் உரிமை மட்டும் இருந்தது, அதுவும் மூன்று சுற்று முடிந்தபிறகு. வடஅயர்லாந்தில் பெண்கள் வேறு வழி எடுத்தார்கள். குழு கேட்டுக் காத்திருக்காமல் 1996இல் கட்சியே தொடங்கினார்கள். கத்தோலிக்கரும் புராட்டஸ்டன்டுகளும் சேர்ந்த பெண்கள் கூட்டணி. கிடைத்த வாக்கு சுமார் ஒரு விழுக்காடு. தேர்தல் விதிப்படி அதுவே மேசையில் இரண்டு இருக்கை தந்தது. மோனிகா மெக்வில்லியம்ஸும் பேர்ல் சாகரும் அமர்ந்தார்கள். 1998இன் பெரிய வெள்ளி உடன்பாட்டில் பாதிக்கப்பட்டோர் பற்றியும், இரு சமயக் குழந்தைகளும் ஒன்றாகப் படிக்கும் பள்ளிகள் பற்றியும் வரிகள் இருப்பதில் அவர்கள் கைபட்டிருக்கிறது. இவை விதிவிலக்குகள். 1992 முதல் 2019 வரையிலான முக்கியச் சமாதானப் பேச்சுகளில் பேச்சாளர்களில் 13 விழுக்காடும் கையெழுத்திட்டவர்களில் 6 விழுக்காடும்தான் பெண்கள் என்று ஐ.நா. பெண்கள் அமைப்பு கணக்கிட்டது. நம் நாட்டிலும் நாகா தாய்மார் சங்கம் 1984 முதல் இயங்குகிறது. இனி இரத்தம் சிந்தாதீர்கள் என்று இயக்கம் நடத்தி, ஆயுதக் குழுத் தலைவர்களைக் காட்டுக்குள் தேடிப்போய்ப் பேசியவர்கள் அவர்கள். 2015 ஆகஸ்ட் 3 அன்று டெல்லியில் கட்டமைப்பு உடன்பாடு கையெழுத்தானபோது பேனா பிடித்த கைகளில் பெண் கை இல்லை.

கிளிநொச்சியில் அமர்ந்த பெண்களைப் பற்றி இன்னொரு நியாயமான கேள்வி உண்டு. அவர்கள் சுதந்திரமாகப் பேசக்கூடியவர்களா? ஔவையும் அதியமானின் குரலாகத்தான் போனார். தமிழினியும் தன் இயக்கத்தின் குரலாகத்தான் வந்திருப்பார். இந்தக் கேள்வியை ஒதுக்கிவிட்டு இருக்கையை மட்டும் கொண்டாடினால் நம் பெண்ணியம் தலையெண்ணும் வேலையாகிவிடும். போர் முடிந்தபின் சிறையும் புனர்வாழ்வும் கண்டு, 2013இல் விடுதலையாகி, 2015 அக்டோபரில் புற்றுநோயால் இறந்துபோனார் தமிழினி. மறுஆண்டு வெளிவந்த அவருடைய தன்வரலாற்றின் பெயர் 'ஒரு கூர்வாளின் நிழலில்'. ஔவை ஆயுதக் கொட்டிலுக்குள் நின்று பேசினார், தமிழினி வாளின் நிழலில் இருந்து எழுதினார். வாளை விட்டு விலகி நின்று பேச ஓர் இடம் இருவருக்கும் கிடைக்கவில்லை. அந்த நூலை நாம் வாசித்த விதத்தையும் பாருங்கள். துரோகமா உண்மையா, எழுதியது அவரா வேறு கையா என்றே விவாதம் சுழன்றது. எதிர்த்தரப்புப் பெண்களோடு ஒரே அறையில் உட்கார்ந்த ஒருத்தியாக அவரை யாரும் விசாரிக்கவில்லை.

வாளை விட்டு விலகி நின்று பேசியவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதும் நமக்குத் தெரியும். 1984இல் யாழ்ப்பாணத்தில் அன்னையர் முன்னணி, கைதான பிள்ளைகளை விடச் சொல்லி ஊர்வலம் போய் அதிகாரிகளிடம் நேரில் பேசியது. 1986இல் சித்ரலேகா மௌனகுரு தொகுத்த 'சொல்லாத சேதிகள்' வந்தது, ஈழத்துப் பெண்களின் முதல் கவிதைத் தொகுப்பு. ராஜினி திராணகம மருத்துவபீடத்தில் உடற்கூறியல் கற்பித்தபடி, எல்லா ஆயுதங்களின் கணக்கையும் ஒரே நோட்டில் எழுதினார். 'முறிந்த பனை'யில் பெண்களின் அனுபவம் பற்றி அவர் எழுதிய பகுதிக்கு, சகோதரி, இனிக் கண்ணீர் வேண்டாம் என்ற பொருள்படும் தலைப்பு. 1989 செப்டம்பர் 21 அன்று சைக்கிளில் வீடு திரும்பும் வழியில் சுட்டுக் கொல்லப்பட்டார். 1991 மே மாதம் சிவரமணி தன் கவிதைகளை எரித்துவிட்டு உயிரை மாய்த்துக்கொண்டார். அதே ஆண்டு செல்வியைப் புலிகள் பிடித்துப்போனார்கள், அவர் திரும்பவில்லை. சமாதான மேசைக்குத் தகுதியான பெண்கள் கிடைக்கவில்லை என்று எவராவது சொன்னால், அவர்களைக் கொன்றது யார் என்று திருப்பிக் கேட்க வேண்டும்.

தப்பியவர்கள் நிறுத்தவில்லை. விசாகா தர்மதாச சிங்களத் தாய். இராணுவ அதிகாரியான மகன் 1998இல் கிளிநொச்சிச் சண்டையில் காணாமல் போனான். அவர் வன்னிக்குப் போய்ப் புலித் தலைவர்களையே சந்தித்தார். காணாமல்போன படையினரின் தாய்மாரைத் தமிழ்த் தாய்மாரோடு சேர்த்தார். பேச்சு முடங்கிய வேளைகளில் இரு தரப்புக்கும் இடையே செய்தி கொண்டுபோனார். பழந்தமிழில் இதற்குத் தூது என்று பெயர். 2016இல் அரசு நல்லிணக்கப் பொறிமுறைகள் பற்றி மக்கள் கருத்தறியப் பதினொரு பேர் கொண்ட செயலணி அமைத்தது. தலைவர் மனோரி முத்தெட்டுவெகம. பதினொருவரில் ஆறு பேர் பெண்கள். விசாகா தர்மதாசவும் இருந்தார், சித்ரலேகா மௌனகுருவும் இருந்தார். சொல்லாத சேதிகளைத் தொகுத்தவர் முப்பது ஆண்டுகள் கழித்து ஒரு நாட்டின் சேதிகளைத் தொகுக்க உட்கார்ந்தார். 7,306 கருத்துரைகள் வந்தன. 2017 ஜனவரி 3 அன்று அறிக்கையைக் கொடுக்கப் போனபோது வாங்கிக்கொள்ள ஜனாதிபதியும் பிரதமரும் வரவில்லை. முன்னாள் ஜனாதிபதி சந்திரிகா குமாரதுங்க பெற்றுக்கொண்டார். பெண்கள் கேட்டுத் தொகுத்ததை இன்னொரு பெண்ணிடம் கொடுத்துவிட்டு வந்தார்கள். அதிகாரம் வேறெங்கோ இருந்தது.

அடுத்த மாதமே கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவுகள், பெரும்பாலும் தாய்மார், சாலையோரம் கொட்டகை போட்டு அமர்ந்தார்கள். ஜூனில் யாழ்ப்பாணத்தில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேனவை நேரில் சந்தித்தார்கள். கேட்டது கருணை அல்ல, பட்டியல். இறுதிப் போரில் கண்முன்னே படையினரிடம் ஒப்படைக்கப்பட்டவர்களின் பெயர்ப்பட்டியல், தடுப்பு முகாம்களின் பட்டியல். அமர்ந்தவர்களில் நூற்றுக்கும் மேற்பட்டோர் விடை தெரியாமலேயே இறந்துவிட்டார்கள். ஆதாரம் கேட்பது, காலக்கெடு விதிப்பது, வாக்குறுதியை எழுத்தில் கேட்பது, ஏமாற்றினால் எழுந்து வருவது எல்லாம் பேச்சுவார்த்தையின் வேலைகள். செய்தித்தாள்கள் போட்ட படமோ மார்பில் அடித்துக்கொண்டு அழும் ஒரு முகம்.

செய்தித்தாளைக் குறைசொல்ல எனக்குத் தகுதி இல்லை. 2009இல் முள்ளிவாய்க்காலுக்குப் பிறகு நானும் ஒரு நீண்ட கவிதை எழுதினேன். அதில் வந்த தாய்கள் எல்லோரும் அழுதார்கள். என் மாணவி அதை வீட்டில் காட்டியிருக்கிறாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முகாமுக்குப் போனபோது அவள் அம்மா தேநீர் கொடுத்துவிட்டுத் தயக்கத்தோடு சொன்னார். "டீச்சர், நீங்க எழுதினதிலை எல்லாத் தாயும் அழுதுகொண்டு நிக்கினம். என்ரை அக்கா அழேல்லை. அவ கடிதம் எழுதிக்கொண்டு கந்தோர் கந்தோரா ஏறி இறங்கினவ. மகன்ரை பேர், பிறந்த திகதி, எந்த இடத்திலை, எத்தினை மணிக்கு ஆரிட்டைக் குடுத்தது எண்டு எல்லாம் கொப்பியிலை எழுதி வைச்சிருக்கிறா. அதை ஒருத்தரும் பாட்டா எழுதுறேல்லை."

என்னால் பதில் சொல்ல முடியவில்லை. ஒப்பாரி தமிழ்ப் பெண்ணின் மாபெரும் கலை, அதை நான் குறைக்கவில்லை. ஆனால் ஒருத்தி கணக்குக் கேட்கும்போது அதை அழுகையாகக் கேட்பது, கேட்பவர் செய்யும் அரசியல். அழுகைக்கு ஆறுதல் சொன்னால் போதும். கணக்குக்கு விடை சொல்ல வேண்டும். என் கவிதை அந்த அக்காளின் கொப்பியைப் பிடுங்கிவிட்டுக் கைக்குட்டையைக் கொடுத்திருந்தது.

இப்போது 279ஆம் பாடலை வேறு மாதிரி நடத்துகிறேன். அந்தப் பாடல் தொடங்குவதே, இவள் சிந்தை கெடட்டும், இவள் துணிவு கொடியது என்ற பொருளில். அதை வியப்பின் மொழியாகவே எங்களுக்குக் கற்பித்தார்கள். ஒக்கூர் மாசாத்தியாரும் ஒரு பெண். பக்கத்து வீட்டு வாசலில் ஓர் ஒற்றைப் பிள்ளைக்குத் தலைவாருவதைப் பார்த்த பெண்ணின் நடுக்கமாகவும் அதைப் படிக்கலாம் அல்லவா என்று கேட்கிறேன். எல்லோரும் ஒப்புக்கொள்வதில்லை, ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. 95ஆம் பாடலுக்கு வரும்போது வாண்மங்கலம் என்று கரும்பலகையில் எழுதி, அதன் பக்கத்தில் கொஞ்சம் இடம் விடுகிறேன். நீங்கள் துறை வகுப்பதாக இருந்தால் என்ன பெயர் வைப்பீர்கள்? மகட்டூது என்றாள் ஒருத்தி. கொட்டில்மறுப்பு என்றாள் இன்னொருத்தி. என் மாணவி படிப்பை முடித்துப் போய்விட்டாள். அவள் வகுப்பில் இதைக் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்.

இதைப் படிக்கும் மாணவிகளிடம் ஒரு வேலை சொல்கிறேன். இனி எந்தச் சமாதான உடன்பாட்டின் படத்தைப் பார்த்தாலும், ஊர்ப் பஞ்சாயத்தின் படமாக இருந்தாலும் சரி, கைகுலுக்குகிறவர்களோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். குறிப்பெடுத்தது யார், எந்தப் பொருள் உபகுழுவுக்குப் போனது, வெளியே சாலையோரம் கொப்பியோடு உட்கார்ந்திருந்தது யார் என்று தேடுங்கள். அவர்கள் சொன்னதை எந்தத் துறையில் போட்டு மூடினார்கள் என்று பாருங்கள்.

அந்தப் பத்து மதிப்பெண் வினாவையும் மாற்றிவிட்டேன். சென்ற பருவத் தேர்வில் இப்படிக் கேட்டேன்: 'புறநானூறு 279இல் வரும் தாயிடம் போர் குறித்துக் கருத்துக் கேட்கப்பட்டிருந்தால் அவள் என்ன சொல்லியிருப்பாள்? பாடலில் உள்ள சான்றுகளோடு எழுதுக.' பாடத்திட்டத்துக்கு வெளியே இருக்கிறது என்று ஆட்சேபம் வந்தது. பாடலுக்கு உள்ளே இருக்கிறது என்று பதில் எழுதி அனுப்பியிருக்கிறேன்.